நிலைக்குத்துக் கோடு மட்டும் போதாது

மன்னாரில் உயர்தர மாணவர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கும் இணைந்த கணிதக் கைந்நூல் ஒன்றைப் பார்த்தேன். எழுதியவரின் பெயர் இங்கே முக்கியமில்லை, அவருடைய வாதம்தான் முக்கியம். கணம், ஆட்சி, இணையாட்சி என்பவை தீவுப் பிள்ளைகளுக்குத் தேவையில்லாத சுமையாம். வரைபைக் கீறி அதன்மேல் ஒரு நிலைக்குத்துக் கோட்டைப் போட வேண்டும். கோடு எங்காவது இரண்டு இடத்தில் வெட்டினால் சார்பு அல்ல, வெட்டாவிட்டால் சார்பு. பரீட்சைக்கு இவ்வளவு போதும் என்கிறார்.

பரீட்சைக்கே இது போதாது. y = 1/x என்பதை எடுப்போம். எந்த நிலைக்குத்துக் கோடும் அதை ஒரு தடவைக்கு மேல் வெட்டாது. ஆகவே சார்பு என்று எழுதிவிட்டு மாணவர் அடுத்த வினாவுக்குப் போவார். ஆனால் வினாவிலே மெய்யெண்கள் எல்லாம் ஆட்சி என்று இருந்தால் விடை பிழை, ஏனென்றால் பூச்சியத்துக்கு விம்பமே இல்லை. ஆட்சியிலுள்ள ஒவ்வொன்றுக்கும் விம்பம் இருக்க வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்று வரைவிலக்கணம் இரண்டு விடயங்களைக் கேட்கிறது. கோடு இரண்டாவதை மட்டுமே பார்க்கும். சுமை என்று ஆட்சியைத் தூக்கி எறிந்தபோது முதலாவதும் சேர்ந்து போய்விட்டது.

அடுத்தது, எந்த அச்சில் எதை வைப்பது? கைந்நூலில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தலைமன்னார் இறங்குதுறையில் கடல்மட்டத்தை அளக்கிறோம் என்று வைப்போம். எந்த நேரத்தை எடுத்தாலும் நீர்மட்டம் ஒன்றுதான், ஆகவே நேரத்திலிருந்து மட்டத்துக்குப் போகும் தொடர்பு சார்பு. ஒரு நாளில் கடல் இரண்டு தடவை பெருகி இரண்டு தடவை வற்றுகிறது. ஒரே மட்டம் பல நேரங்களில் திரும்பி வருவதால் மட்டத்திலிருந்து நேரத்துக்குப் போகும் தொடர்பு சார்பு அல்ல. அளவீடுகள் அதேதான், தாளைத் திருப்பிப் பிடித்ததும் தீர்ப்பு மாறுகிறது. எதிலிருந்து எதற்கு என்று சொல்லாமல் இது சார்பா என்று கேட்பது அரைக் கேள்வி.

உச்சக்கட்டம் அவர் உள்ளூர் உதாரணம் காட்டப் புறப்பட்ட இடத்தில்தான் வருகிறது. தீவின் தென்கரையோரம் நிற்கும் தம்பபவனி காற்றாலைகளை எடுத்திருக்கிறார். தெரிவைப் பாராட்டுகிறேன். 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5. காற்று மெலிதாக இருக்கும்போது உற்பத்தி பூச்சியம். வேகம் கூடக்கூட உற்பத்தி ஏறும், உச்சத்தைத் தொட்டதும் வரைபு கிடையாக ஓடும், புயல்வேகத்தில் காற்றாலை தன்னை நிறுத்திக்கொள்ள மறுபடி பூச்சியம். பல வேகங்களுக்கு ஒரே உற்பத்தி வருகிறதே, ஆகவே இது சார்பு அல்ல என்று முடிக்கிறார்!

தன் சோதனையையாவது அவர் அந்த வரைபில் போட்டுப் பார்த்திருக்கலாம். நிலைக்குத்துக் கோடு அதை ஓரிடத்தில்தான் வெட்டும். ஓர் உள்ளீட்டுக்கு இரண்டு வெளியீடு இருந்தால்தான் குற்றம். இரண்டு உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு இருப்பதில் குற்றமே இல்லை, அப்போது சார்பு ஒன்றுக்கொன்றானதாக இராது, அவ்வளவுதான். கோட்டை மட்டும் படிப்பித்தால் எந்தப் பக்கம் போடுவது என்பது மறந்துபோகும் என்பதற்கு எழுதியவரே சாட்சி.

அதே காற்றாலையில் உண்மையிலேயே சார்பு உடையும் இடம் ஒன்று இருக்கிறது. அது அவர் கண்ணில் படவில்லை. புயல்வேகத்தில் நின்றுபோன காற்றாலை, காற்று அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே இறங்கியதும் உடனே ஓடத் தொடங்காது. இன்னும் தணியும்வரை காத்திருக்கும். ஆகவே அந்த இடைப்பட்ட வேகத்தில் உற்பத்தி முழுமையாகவும் இருக்கலாம், பூச்சியமாகவும் இருக்கலாம், அதற்கு முன் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. வேகத்தை உள்ளீடாக எடுத்தால் அங்கே சார்பு இல்லை, நேரத்தை எடுத்தால் இருக்கிறது. வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்கப் பேசக்கூடிய விடயம் அது.

வரைபே இல்லாத தொடர்புகளில் அவர் என்ன செய்வார்? பேசாலைக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே திகதி, ஒரே திகதிக்குப் பல பிள்ளைகள். பிள்ளையிலிருந்து திகதிக்குச் சார்பு, திகதியிலிருந்து பிள்ளைக்கு இல்லை. கோட்டை எங்கே போடுவது? வரைபு இருந்தாலும் கண்ணை நம்ப முடியாது. 1829இல் கணிதவியலாளர் டிரிஷ்லே, விகிதமுறு எண்களுக்கு ஒரு பெறுமானமும் விகிதமுறா எண்களுக்கு வேறொரு பெறுமானமும் தரும் சார்பொன்றை முன்வைத்தார். பென்சிலால் கீறினால் இரண்டு முழுக் கிடைக்கோடுகள் போலத்தான் தெரியும். எந்த நிலைக்குத்துக் கோடும் இரண்டையும் வெட்டுவது போல இருக்கும். கைந்நூலின்படி அது சார்பு அல்ல. உண்மையில் ஒவ்வோர் எண்ணுக்கும் அங்கே ஒரே ஒரு பெறுமானம்தான்.

இதெல்லாம் தீவுப் பிள்ளைகளுக்குப் பாரம் என்ற வாதத்தில் கணிதத்தைவிட இளக்காரம்தான் அதிகம். இதே வினாத்தாளுக்குத்தான் கொழும்புப் பிள்ளையும் எழுதுகிறது, புள்ளியிடுபவர் முகவரி பார்ப்பதில்லை. பதிவேட்டு உதாரணத்தைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு ஆட்சியும் இணையாட்சியும் புரியும். கைந்நூலை மறுபடி அச்சிடும்போது கோட்டுச் சோதனை இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு முன்னால் வரைவிலக்கணம் முழுமையாக வரட்டும். அதுவரை, கையில் வைத்திருப்பவர்கள் காற்றாலைப் பக்கத்திலுள்ள ‘அல்ல’ என்ற சொல்லைப் பேனையால் வெட்டிவிடுங்கள்.