எலிமேல் போட்ட பழி

சீன மொழியில் ‘ஷோ ஷு லியாங் துவான்’ என்று நான்கு எழுத்தில் ஒரு மரபுத்தொடர் உண்டு. வளையிலிருந்து தலையை நீட்டி, இந்தப் பக்கம் ஓடுவதா அந்தப் பக்கம் ஓடுவதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் எலி என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நம்மூர் மதில்மேல் பூனையின் சொந்தக்காரன். ஆதாயம் எந்தப் பக்கம் என்று தெரியும்வரை பிடி கொடுக்காத ஆளைத் திட்டப் பயன்படுகிறது.

திட்டுவது சரிதான். ஆனால் இதை முதலில் யார் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது.

சீமா சியானின் ‘ஷிஜி’ வரலாற்று நூலின் 107ஆம் அத்தியாயத்தில் கதை வருகிறது. ஹான் பேரரசில் தோ யிங் பெரும் செல்வாக்குள்ள தளபதி. பேரரசர் வூவின் பாட்டி அவருக்கு உறவு. கி.மு. 135இல் பாட்டி இறந்ததும் அதிகாரம் பேரரசரின் தாய்மாமன் தியான் ஃபென்னிடம் போனது. அவர் தலைமை அமைச்சரானார். தோ யிங்கின் வீட்டிலேயே கிடந்த விருந்தாளிகள் ஒவ்வொருவராகத் தியான் ஃபென்னின் வாசலுக்கு இடம் மாறினார்கள். மாறாமல் நின்றவர் குவான் ஃபு என்ற முரட்டு வீரர் மட்டும்.

தியான் ஃபென்னின் திருமண விருந்து. அவர் மதுக் கிண்ணத்தை உயர்த்தியபோது எல்லோரும் பாயைவிட்டு இறங்கி வணங்கினார்கள். தோ யிங் உயர்த்தியபோது பழைய நண்பர்கள் மட்டும் இறங்கினார்கள். மற்றவர்கள் ஒப்புக்கு முழங்காலைக் கொஞ்சம் அசைத்தார்கள். யார் முன் எவ்வளவு குனிய வேண்டும் என்ற கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதை இந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குவான் ஃபு பொறுக்க மாட்டாமல் கத்தினார். கைது செய்யப்பட்டார்.

வழக்கு அரசவைக்கு வந்தது. தோ யிங் நண்பனுக்காக வாதாடினார். குவான் குடும்பம் யிங்ச்சுவான் வட்டாரத்து மக்களை வதைத்துச் சொத்து சேர்த்தது என்றார் தியான் ஃபென். அது பொய்யுமல்ல. ஆனால் அந்த மக்களில் ஒருவரும் அவையில் இல்லை. பெரிய இடத்துச் சண்டையில் எறியும் கல்லாக மட்டுமே அவர்களின் துயரம் அங்கே வந்தது.

பேரரசர் கருத்துக் கேட்டார். ஜி ஆன் என்ற ஒருவர் மட்டும் தோ யிங் பக்கம் உறுதியாக நின்றார். செங் தாங்ஷி முதலில் தோ யிங்கை ஆதரித்துவிட்டுப் பிறகு பின்வாங்கினார். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. ஹான் அன்குவோ என்ற உயர் அமைச்சர் சொன்னதுதான் புகழ்பெற்றது: தோ யிங் சொல்வதும் சரி, தலைமை அமைச்சர் சொல்வதும் சரி, மன்னரே முடிவு செய்யட்டும். ஒருகாலத்தில் இதே தியான் ஃபென்னுக்கு ஐந்நூறு பொன் மதிப்புள்ள பொருட்களைக் கொடுத்துப் பதவிக்கு வந்தவர் இவர்.

அவை கலைந்ததும் தியான் ஃபென் அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஒரு வழுக்கைக் கிழவனைச் சமாளிக்க உனக்கு ஏன் இந்த இரட்டைப் பக்க ஆட்டம் என்று சீறினார். தொடர் பிறந்தது இங்கேதான். திட்டியவர் நியாயம் கேட்டு வந்த ஏழையல்ல, நாட்டின் தலைமை அமைச்சர். உண்மையைச் சொல்லவில்லை என்பதல்ல அவர் கோபம். தன் பக்கம் சாயவில்லை என்பதுதான்.

ஹான் அன்குவோ என்ன பதில் சொன்னார் என்பதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கொஞ்சநேரம் மௌனமாக இருந்துவிட்டு, தலைமை அமைச்சருக்கு ஆலோசனை வழங்கினார். நீங்கள் பதவி விலகுகிறேன் என்று பணிவு காட்டியிருந்தால் மன்னர் உங்களை விட்டிருக்க மாட்டார், தோ யிங் வெட்கத்தில் தானே செத்திருப்பார் என்றார். அவைக்குள் இருவரும் சரி. வண்டிக்குள் ஒருவரை எப்படி ஒழிப்பது என்ற பாடம். ‘ரெண்டு தரப்பிலும் தப்பு இருக்கு’ என்று பேசுகிற நம்மூர் நடுநிலையாளர்கள் விவாதம் முடிந்ததும் யாருடைய காரில் ஏறுகிறார்கள் என்பதை நான் கவனிக்கத் தொடங்கியது இதைப் படித்த பிறகுதான்.

குவான் ஃபு குலத்தோடு கொல்லப்பட்டார். தோ யிங்கின் தலையும் போனது. கி.மு. 131இல் தியான் ஃபென் நோயில் இறக்க, ஹான் அன்குவோ தற்காலிகத் தலைமை அமைச்சரானார். அப்போது வண்டியிலிருந்து விழுந்து கால் ஊனமானதால் நிரந்தரப் பதவி கைநழுவியது.

இதில் எலி எங்கே வந்தது? ‘ஷு’ என்ற எழுத்து எலியைக் குறிக்கும். ஆனால் ‘ஷோ ஷு’ என்பது பிரிக்க முடியாத ஒரே சொல், தயங்குதல் என்பதே அதன் பொருள், எலி வெறும் ஒலிக்காக எழுதப்பட்டது என்கிறார்கள் மொழியறிஞர்கள் பலர். ‘பிற்கால ஹான் வரலாறு’ நூலில் இதே தொடர் எலி இல்லாமல் ‘ஷோ ஷி’ என்று வருவது அவர்களின் சான்று. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

அந்த இடத்தில் அது யாரைப் பற்றி வருகிறது தெரியுமா? எல்லைக்குள் வாழ்ந்த சிறிய யுவேச்சி மக்களைப் பற்றி. போருக்குத் தகுந்த குதிரை வீரர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் பேர்தான். ஒருபுறம் ஹான் பேரரசு, மறுபுறம் சியாங் குழுக்கள். அவர்கள் இரண்டு பக்கமும் ஊசலாடினாலும் ஹான் அரசு அவ்வப்போது பயன்படுத்திக்கொண்டது என்கிறது நூல். பயன்படுத்தியவனுக்குப் பட்டம் எதுவும் இல்லை. இரண்டு பெரிய சக்திகளுக்கு நடுவே உயிர் பிழைக்க வழி தேடியவர்களுக்கு மட்டும் பட்டம். ஐந்நூறு பொன் கொடுத்துப் பதவி வாங்கியவரும் இவர்களும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிட்டார்கள்.

வட்டமேசை மாநாட்டுக்குப் போன அம்பேத்கரையும் வெள்ளைக்காரனின் ஆள் என்றார்கள். 1930இல் லண்டனிலேயே, பிரிட்டிஷ் ஆட்சி வந்தும் தீண்டப்படாதோர் நிலை மாறவில்லை என்று ஆட்சியாளர்களின் முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர். காங்கிரஸிடமும் பேசினார், பிரிட்டிஷாரிடமும் பேசினார். இருவரிடமும் கேட்டது கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் அரசியல் அதிகாரத்தையும்தான்.