மிளகாய்க்குத் துணை வேண்டும்!

கொல்லையில் நாலு மிளகாய்ச் செடி வைக்கிறோம். முதலில் செழிப்பாக வளர்கிறது. பூ எடுக்கும் நேரத்தில் இலை சுருண்டுவிடுகிறது!

உடனே கடைக்கு ஓடுகிறோம். பூச்சிமருந்து வாங்கி வந்து அடிக்கிறோம். இரண்டு நாள் கழித்து அதே செடியில் காய் பறித்துக் குழம்பில் போடுகிறோம். பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

வீட்டுத் தோட்டத்துக்கு இந்த விஷம் வேண்டாம் என்பதே என் கட்சி. மிளகாய்க்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று முதலிலேயே யோசித்தால் தொல்லை குறையும்.

சுருட்டுவது யார்?

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். வெள்ளை ஈயும் அசுவினியும் நோயையே சுமந்து வந்து செடிக்கு ஏற்றிவிடும். அப்படி நோய் கண்ட செடி பிழைக்காது. பிடுங்கி எறியுங்கள்.

காவல்காரன்

மிளகாய் நடுவதற்கு முன்பே பாத்தியைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதையுங்கள். பறந்து வரும் அசுவினி, உயரமான அந்தச் செடியில்தான் முதலில் உட்காரும். உறிஞ்சிப் பார்க்கும். அதன் வாயில் ஒட்டியிருந்த மிளகாய் நோய்க்கிருமி அங்கேயே போய்விடும்! பிறகு அது மிளகாய்க்கு வந்தாலும் கெடுதல் குறைவு. அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் மக்காச்சோளத்தில் குடியிருக்கும்.

வெள்ளை ஈயிடம் இந்த வித்தை பலிக்காது. வேலியாக நின்று ஓரளவு தடுக்கும், அவ்வளவுதான்.

மிளகாயின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் அதை இங்கே கொண்டுவந்தார்கள். மெக்சிகோ நாட்டுக் குடியானவர்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி இவற்றோடு ஒரே நிலத்தில் மிளகாயையும் வளர்த்தார்கள். இரண்டும் பழைய அண்டைவீட்டார்!

அகத்தியும் நல்ல துணை. இலைப்பேனைத் தடுக்கும்; கீரையும் கிடைக்கும். துலுக்கச் சாமந்தி, வேரைத் தாக்கும் நூற்புழுவைக் குறைக்கும். துளசி ஒன்று வைத்தால் பூச்சியெல்லாம் ஓடிவிடும் என்பாரும் உண்டு. துளசி கஷாயத்துக்கு நல்லது. காவலுக்கு அதை நான் நம்பமாட்டேன்.

சேரக்கூடாதவர்கள்

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் ஒரே பாத்தியில் நெருக்கி வைக்கிறோம். மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வாடல் நோய் வந்தால் மற்றதற்கும் வரும். இடையில் ஒரு கீரைப் பாத்தியாவது போடுங்கள்.

அடுத்து வெங்காயம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கரிசல் காட்டில் மிளகாயும் வெங்காயமும் கொத்தமல்லியும் சேர்த்து விதைப்பது பழைய வழக்கம். வெங்காயம் முந்திக் கைக்காசு தரும். விவசாயிக்கு அது பெரிய உதவி. ஆனால் இலைப்பேன் வெங்காயத்திலும் பிழைக்கும். நமக்கோ அந்தக் காசுக் கவலை இல்லை. இலைப்பேன் தொல்லை உள்ள கொல்லையில் இரண்டையும் பிரித்தே வையுங்கள்.

ஓரத்தில் ஒரே ஒரு ஆமணக்கு போதும். இலை தின்னும் புழுவின் தாய்ப்பூச்சி அதில் முட்டையிட விரும்பும். முட்டைகள் கும்பலாக இருக்கும். அந்த இலையைக் கிள்ளி நசுக்கிவிடலாம். ஆனால் ஆமணக்கு விதை விஷம்! சின்னக் குழந்தை உள்ள வீட்டில், பூங்கொத்து தலைகாட்டியதுமே கிள்ளிவிடுங்கள்.