ஐந்தடி நடைபாதையில் ஒரு சக்கர நாற்காலி

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் ஜோர்ஜ்டவுன் நகரம், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆண்டுதோறும் அந்த நாளைப் பினாங்கு விழாவாகக் கொண்டாடுகிறது. அதே நாளில் நடந்த இன்னொன்றை நினைவில் வைத்திருப்போர் குறைவு. மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அந்த ஜூலை 7ஆம் நாள்தான். பொது இடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் பயன்படுத்தவும், பண்பாட்டு நிகழ்ச்சிகளிலும் பொழுதுபோக்கிலும் பங்குபெறவும் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவரைப் போலவே உரிமை உண்டு என்று அச்சட்டம் கூறுகிறது. ஒரு நகரைக் காப்பாற்றும் உறுதியும், எல்லாரையும் அந்நகருக்குள் அழைக்கும் உறுதியும் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். முதல் பிள்ளை ஓடுகிறது. இரண்டாவது இன்னும் தவழ்கிறது.

ஈப்போவில் வாழும் ஒரு குடும்பம் பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு வரத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் 78 வயதுப் பாட்டி இருக்கிறார். மூட்டு வலியால் அவரால் நெடுந்தூரம் நடக்க முடியாது; வெளியே சென்றால் சக்கர நாற்காலி வேண்டும். நீரிழிவு நோய்க்கு இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். இத்தகைய வீடுகளில் பேச்சு எப்படி முடியும் என்பது பலருக்கும் தெரியும். “அம்மாவுக்கு எதற்கு வீண் சிரமம்? அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.” அன்பினால் சொல்லப்படும் சொற்கள்தாம். ஆனால், இந்த முடிவை எடுக்கும்போது பாட்டியை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

உண்மையில் பயணத்தின் நீண்ட பகுதிகள் இன்று அவ்வளவு கடினமானவை அல்ல. ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் வரை மின்சார இரயில் ஓடுகிறது. அங்கிருந்து தீவுக்குச் செல்ல, 2023 ஆகஸ்டு முதல் புதிய ஃபெரிகள் இருக்கின்றன. கொடிமலைக்குக்கூடப் போகலாம். 1923ஆம் ஆண்டில் தொடங்கிய மலை இரயிலில் ஒரு காலத்தில் பயணிகள் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. நடக்க முடியாதவர்க்கு அந்த மாற்றமே பெரிய தடை. 2010இல் பழைய இரயில் நிறுத்தப்பட்டு, 2011இல் புதிய இரயில் ஓடத் தொடங்கியபின் அடிவாரத்தில் ஏறியவர் சில நிமிடங்களில் உச்சியில் இறங்குகிறார். பழைய மரப்பெட்டிகளை எண்ணி ஏங்குவோர் இன்றும் உண்டு. அந்த ஏக்கமும் நியாயமானதே. ஆயினும், கொடிமலை கொடிமலையாகவே இருக்கிறது. முன்பு அடிவாரத்திலேயே நின்றுவிட்ட சிலர் இப்போது மேலே போகிறார்கள்.

ஆக, பாட்டியின் பயணம் கடலிலோ மலையிலோ தடைபடாது. படகுத்துறையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய லிட்டில் இந்தியாவில்தான் தடைபடும்.

ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை ஒன்று வரிசையாக ஓடும். மலாயில் அதைக் ‘காக்கி லீமா’ என்பார்கள், தமிழில் ஐந்தடி. 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்காக வகுத்த நகரத் திட்டத்தில், ஒவ்வொரு கடைவீட்டின் முன்னாலும் தொடர்ச்சியான, கூரையுள்ள நடைவழி இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. பின்னர் அவ்வழக்கம் மலாயாவின் நகரங்களிலும் பரவியது. வெயிலிலும் மழையிலும் மக்கள் நனையாமல், வாடாமல் நடக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஐந்தடி என்பது ஏறக்குறைய 1.5 மீட்டர். ஒரு சக்கர நாற்காலியின் அகலம் பெரும்பாலும் 70 சென்டிமீட்டருக்குள் அடங்கும். கணக்குப்படி பார்த்தால், பாட்டியின் நாற்காலி தாராளமாகச் செல்லும்; பக்கத்தில் பேரன் நடந்து வரவும் இடமிருக்கும்.

நடப்பது வேறு. ஒரு கடையின் முன் தரை ஓர் உயரம், அடுத்த கடையின் தரை வேறோர் உயரம். நடுவில் ஒரு படி, சில இடங்களில் இரண்டு. அதைத் தாண்டினால் குறுக்கே நிறுத்திய மோட்டார் சைக்கிள். அதற்கப்பால் துணி மூட்டைகளும் அட்டைப் பெட்டிகளும். கால் நலமாக உள்ளவர் முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போய்விடுவார். சக்கர நாற்காலியைத் தள்ளுபவருக்கு ஒரே வழிதான் உண்டு: கால்வாயைத் தாண்டிச் சாலையில் இறங்கி, கார்களுக்கு நடுவே போவது. நிழலுக்காகக் கட்டப்பட்ட பாதை பக்கத்திலேயே இருக்க, நிழல் மிகவும் தேவைப்படுகிறவர் வெயிலில் போகிறார்.

‘பாரம்பரியக் கட்டடங்களில் கைவைக்கக் கூடாது; ஆகவே ஒன்றும் செய்ய இயலாது’ என்பது அடிக்கடி கேட்கும் பதில். இந்தப் பதிலை அப்படியே ஏற்க முடியாது. ஐந்தடியின் பாரம்பரியம் அதன் தூண்களிலும் வளைவுகளிலும் மட்டும் இல்லை. யாரும் தடையின்றி நடந்து போகலாம் என்பதிலும் இருக்கிறது. மோட்டார் சைக்கிளை அகற்றினால் எந்த வளைவும் இடிந்துவிடாது. படிகளுக்கும் வழி உண்டு. சாய்தளத்துக்குப் பொதுவாகப் பின்பற்றும் அளவு 1க்கு 12. அதாவது, 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சரிவு போதும். சுவரையோ தூணையோ தொடாமல், வேண்டும்போது போட்டு எடுக்கக்கூடிய பலகையாகவும் அதை அமைக்கலாம். எல்லா இடத்திலும் முடியாது என்பது உண்மை. வீதி வெள்ளத்துக்குப் பயந்து தரையை மிக உயர்த்திய கடைகளும் உள்ளன. முடியாத இடங்களைக் காட்டி, முடிகிற இடங்களையும் விட்டுவிடுவதுதான் தவறு.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐந்தடியில் பலகாரம் விற்றுப் பிழைக்கும் சிறு வியாபாரியும், சோம்பலால் அங்கே வண்டியை நிறுத்துபவரும் ஒன்றல்லர். முன்னவருக்கு இடத்தை அளந்து கொடுத்து, மீதியைத் திறந்து வைக்கலாம். பின்னவருக்குச் சலுகை காட்டக் காரணமே இல்லை. சட்டம் இருந்தும் நிலைமை ஏன் மாறவில்லை என்று மாணவர்கள் கேட்கக்கூடும். 2008இல் நடைமுறைக்கு வந்த வடிவில் அச்சட்டம் உரிமையைச் சொன்னதே தவிர, அதை மீறுவோர்க்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை.

வழியைச் சீராக்கக் காலமாகும், பணமும் வேண்டும். தகவலைச் சீராக்க அவ்வளவு வேண்டியதில்லை. தங்கும் விடுதிகளும் சுற்றுலாத் தலங்களும் ‘சக்கர நாற்காலி வசதி உண்டு’ என்று விளம்பரம் செய்கின்றன. வாசலில் சாய்தளம் இருக்கும். கழிப்பறைக் கதவோ நாற்காலி நுழையாத அளவுக்குக் குறுகலாக இருக்கும். அப்படிப்பட்ட ‘உண்டு’ என்ற சொல்லைவிட ‘இல்லை’ என்ற நேர்மையான சொல் எவ்வளவோ மேல். தண்ணீர்மலை முருகன் கோயிலை நினைத்துப் பாருங்கள். மலை மேல் உள்ள பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள் என்பது பினாங்கில் பலருக்கும் தெரியும். அந்த எண் பாட்டியை மிரட்டலாம், ஆனால் ஏமாற்றாது. எவ்வளவு தூரம் போவது, எங்கே நிற்பது, அடிவாரத்திலேயே வணங்கிவிடலாமா என்று அவரே முடிவு செய்யலாம். ‘சில படிகள்தாம்’ என்று யாராவது சொன்னால்தான் சிக்கல். 513 படிகளுக்குத் திட்டமிட முடியும். ‘சில’ படிகளுக்கு முடியாது.

உடல்நலத்துக்கும் இதே விதி பொருந்தும். இன்சுலினைச் சூடேறும் காரில் விட்டுச் செல்லக் கூடாது. ஆகவே விடுதி அறையில் குளிர்சாதனப் பெட்டி உண்டா என்று முன்பே கேட்க வேண்டும். சிறுநீரக நோயாளிகள் பலர் வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்கிறார்கள். செல்லும் ஊரில் ஒரு மையத்தில் முன்பதிவு செய்துவிட்டால், அவர்களாலும் நான்கு நாள் பயணம் போக முடியும். நண்பகல் வெயிலில் முதியவர் எளிதில் சோர்ந்துவிடுவார். காலையும் மாலையும் சுற்றிவிட்டு, நடுப்பகலை ஓய்வுக்கு விடுவது நல்லது. மருத்துவத்துக்குப் பினாங்கு பெயர்போன ஊர். சுமத்ராவிலிருந்து விமானம் ஏறிப் பலர் இங்குள்ள மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். நோயாளிகளை வரவேற்று வாழும் ஒரு நகரம், அவர்கள் மருத்துவமனையை விட்டு வெளியே வந்ததும் எந்தப் பாதையில் நடப்பார்கள் என்று எண்ணாமல் இருப்பது வியப்புதான்.

சக்கர நாற்காலியோடு பேச்சு நின்றுவிடவும் கூடாது. காதுகேளாத குழந்தைகளுக்காக 1954இல் பள்ளி தொடங்கப்பட்ட மாநிலம் இது. மாணவர்களிடையே பினாங்குச் சைகைமொழி என்று ஒன்றே வளர்ந்தது. பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லமும் நெடுங்காலமாக இங்கே இயங்கி வருகிறது. ஃபெரி தாமதமாகும் என்பதை ஒலிபெருக்கியில் மட்டும் அறிவித்தால், காதுகேளாதவர் காத்துக்கொண்டே இருப்பார். பலகையில் மட்டும் எழுதினால், பார்வையற்றவர் காத்துக்கொண்டே இருப்பார்.

ஒருமுறை கட்டி முடித்தால் வேலை தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. சென்னை மெரினா கடற்கரையில் சக்கர நாற்காலிகள் அலை அருகே செல்வதற்காக 2022 நவம்பரில் மரப்பாதை திறக்கப்பட்டது. கடலைத் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்துவந்த பலர் அன்று அலையின் அருகே சென்றனர். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது, பிறகு சீர்செய்தார்கள். பழுதான மின்தூக்கிக்கும் பூட்டிய கழிப்பறைக்கும் புயல்கூடத் தேவையில்லை, கவனக்குறைவு போதும். ‘இன்று மின்தூக்கி இயங்கவில்லை’ என்ற ஒரு வரி காலையிலேயே தெரிந்தால், ஒரு குடும்பம் தன் பயணத்தை நாளைக்கு மாற்றிக்கொள்ளும்.

எனவே, ஜோர்ஜ்டவுனின் பாரம்பரிய வீதிகளுக்கு ஒரு புதுவகை வரைபடம் வேண்டும். எந்த ஐந்தடி தடையின்றித் திறந்திருக்கிறது, எங்கே எத்தனை சென்டிமீட்டர் படி, உட்கார இடம் எங்கே, அகலக் கதவுள்ள கழிப்பறை எங்கே என்பவற்றை அது காட்ட வேண்டும். நகராண்மை அதிகாரிகள் மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் இருந்தால், இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு வீதியை அளந்துவிடலாம். சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் ஒருவர் உடன் வந்தால், மற்றவர் கண்ணில் படாததை அவர் காட்டுவார்.

ஈப்போக் குடும்பத்துக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பாட்டியிடம் கேட்பது. அவர் கொடிமலையே வேண்டாம் என்று சொல்லக்கூடும். குயின் வீதியில் 1833ஆம் ஆண்டு எழுந்த மகா மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றி, பக்கத்துக் கடையில் ஒரு தேநீர் குடித்தால் போதும் என்பார். அப்படியானால், புறப்படுவதற்கு முன் கோயிலுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு: வாசலில் எத்தனை படிகள்?