மூச்சைப் பிடிக்கச் சொல்லும் மொழி

உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாய்க் கோர்வைச் சேலை நெய்யும் காஞ்சிபுரத்து நெசவாளர், இணைப்பில் ஓர் இழை பிசகினும் குறை வெளிப்பட்டுவிடும் என்பதை நன்கறிவார். இதயத்தைச் சி.டி. ஸ்கேன் எடுப்பதும் ஏறத்தாழ அத்தகைய பணியே. பெரும்பாலான கருவிகளில் இதயத்தின் பகுதிகள் அடுத்தடுத்த துடிப்புகளில் படமாக்கப்பெற்றுப் பின்னர் இணைக்கப்படுகின்றன. இடையில் மூச்சு அசைந்தாலோ துடிப்பு சீர்குலைந்தாலோ படம் படிக்கட்டுப்போல் விலகும். இதயத்திற்குக் குருதியூட்டும் நாளங்கள் மங்கும். இல்லாத அடைப்பு உள்ளதாகவும், உள்ள அடைப்பு இல்லாததாகவும் தோன்றக்கூடும்.

1971இல் இலண்டனில் நோயாளி ஒருவர்க்கு முதன்முதலாக இச்சோதனை செய்யப்பட்டபோது படமெடுக்கப்பெற்றது தலையே. தலையை அசையாதிருக்கச் செய்யலாம். இதயத்தை அவ்வாறு நிறுத்திவைக்க இயலுமா? நிமிடத்திற்கு 60 முறை துடிக்கும் இதயத்திற்கு ஒரு துடிப்பின் பொழுது 1 விநாடி. அதிலும் அது ஓரளவு அமைந்திருப்பது சிறு பகுதியே. அப்பகுதியை ஈ.சி.ஜி. காட்டித் தருகிறது, ஒவ்வாதோர் நீங்கலாக மற்றையோர்க்குத் துடிப்பைத் தணிக்கும் மருந்தும் தரப்படுகிறது. 2005இல் அறிமுகமான இரட்டைக் கதிர்க்குழாய்க் கருவி, விநாடியின் 12இல் ஒரு பங்குப் பொழுதுக்குள் இதயத்தின் நிலையைப் பதிவு செய்தது. வியத்தகு முன்னேற்றமே!

எனினும், மூச்சைப் பிடிக்க வேண்டியவர் மனிதர். அதற்கான ஆணையைப் பல கருவிகளில் பதிவுக்குரலே இடுகிறது. சில மருத்துவமனைகளில் அக்குரல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிக்கக் கேட்டிருக்கிறோம். பிள்ளையார்பாளையத்து முதிய நெசவாளர் ஒருவர் அதைக் கேட்டுத் திகைத்தால் துடிப்பு விரையும், மூச்சு விலகும். படம் பழுதாயின் மீண்டும் கதிர்வீச்சு, மீண்டும் நிறமருந்து, மீண்டும் ஒரு நாட்கூலி இழப்பு.

எந்த மொழியிலும் குரலைப் பதிந்துகொள்ள இக்கருவிகள் பலவற்றில் வசதி உண்டு. ஆகவே, தமிழ்க் குரல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அதுவும் எத்தகைய தமிழ்? ‘சுவாசத்தை நிறுத்துக’ என்றால் அஞ்சாதவரும் அஞ்சுவர். ‘தம் பிடியுங்கள்’ என்றால் தறிமேடையிலும் புரியும். ‘தம்’ பாரசீகம் தந்த சொல்லாயிற்றே எனத் தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். சோதனை மேசையில் படுத்திருப்பவர்க்கு அவ்வாராய்ச்சி தேவையில்லை. மிக ஆழமாக இழுத்து இறுக்கினால் துடிப்பே மாறக்கூடுமாதலால், ‘அளவாய் மூச்சை இழுத்துத் தம் பிடியுங்கள், அசையாதீர்கள், இனி மூச்சு விடலாம்’ என்பன போன்ற தொடர்களை மருத்துவரோடு அமர்ந்து நம் தமிழ்த்துறை மாணவர் எழுதித் தரலாம். நோயாளியை மேசையில் ஏற்றுமுன் அவற்றைச் சொல்லி இருமுறை பழக்குதல் வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.