உபாத்தியாயருக்கு வேண்டிய தகுதி எது?

நம் நாட்டில் இன்று ஒருவர் பட்டதாரி உபாத்தியாயர் ஆக வேண்டுமானால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கின்றது என்பதைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். முதலில் மூன்று வருஷம் படித்து ஒரு பட்டம் பெற வேண்டும். அதற்கு மேல் பி.எட். என்னும் பயிற்சிப் படிப்பு. அது முன்பு ஒரே வருஷமாக இருந்தது. 2015 முதல் இரண்டு வருஷமாயிற்று. அதற்கும் மேல் ஆசிரியர் தகுதித் தேர்வு என்னும் பரீட்சை. அதிலும் தேறினால் வேலை உண்டா என்றால் அதுவும் இல்லை. 2018-இல் தமிழ்நாட்டு சர்க்கார் போட்ட உத்தரவுப்படி நியமனத்துக்கென்று வேறொரு போட்டிப் பரீட்சையும் எழுதியாக வேண்டும்.

இதைப்பற்றி இருவிதமான அபிப்பிராயங்கள் சொல்லப்படுகின்றன. ஒரு சாரார், "படித்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாதா? பயிற்சியும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம்" என்கிறார்கள். மற்றொரு சாரார், "பரீட்சையில் தேறாதவர்கள் உபாத்தியாயர் வேலைக்கே லாயக்கற்றவர்கள்" என்கிறார்கள். நாம் இந்த இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் சொல்லுகின்றோம்.

நாம் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவரல்ல. நாம் கற்றதில் பெரும்பகுதி ஊர்ப் படிப்பகத்திலும் பழைய புத்தகக் கடையிலும் கற்றதேயாகும். ஆகவே பயிற்சி வீண் என்று நாம் சொல்லுவோம் எனச் சிலர் எதிர்பார்க்கலாம். ஆனால் தானாகப் படித்தவனுக்குத்தான் நல்ல உபாத்தியாயரின் அருமை தெரியும். நாம் சிறு வயதில் பள்ளியில் இருந்தபோது, மூன்றை அரையால் வகுத்தால் ஆறு எப்படி வரும், வகுத்தால் குறையத்தானே வேண்டும் என்று கேட்டோம். "தலைகீழாய்ப் போட்டுப் பெருக்கடா, கேள்வி கேட்காதே" என்பதே பதிலாகக் கிடைத்தது. அடுத்த வருஷம் பயிற்சி பெற்ற ஓர் அம்மையார் வந்தார். ஓர் அரைப்படியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "மூன்று படி அரிசியை இதால் அளந்தால் எத்தனை தரம் அளக்கலாம்?" என்று கேட்டார். வகுப்பே "ஆறு" என்று கத்திற்று. முதலாமவருக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். பிள்ளைக்கு எந்த இடத்தில் தட்டுகிறது என்பதுதான் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்குப் பெயர்தான் பயிற்சி.

அன்றியும், பயிற்சி என்கிற ஏற்பாட்டில் மற்றொரு பெரிய நன்மையும் இருக்கின்றது. குருவாயிருப்பது பிறப்பினால் வருவது என்று எண்ணிக்கொண்டிருந்த இந்த நாட்டில், அது கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு தொழில், எந்த வீட்டுப் பிள்ளையும் கற்றுக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டதே பெரிய காரியமல்லவா? சென்னையில் 1856-இல் தொடங்கி, பின்னர் சைதாப்பேட்டைக்குப் போன சர்க்கார் பயிற்சிப் பள்ளியிலிருந்து இந்த ஏற்பாடு வளர்ந்தது. முற்காலத்தில் கொடுத்த எல்.டி. என்னும் பட்டத்துக்குக் கற்பிக்க உரிமம் பெற்றவர் என்றே பொருள். அதுவே பிறகு பி.டி. ஆகி, இன்று பி.எட். ஆயிருக்கின்றது. துரோணருக்கு அப்படி எந்த உரிமமும் இல்லை. இருந்து, அதைப் பறிக்க ஒரு சபையும் இருந்திருந்தால், கட்டைவிரல் கேட்ட அன்றைக்கே அவர் உத்தியோகம் போயிருக்கும்!

நிற்க, அந்தப் பயிற்சி இன்று எந்த யோக்கியதையில் இருக்கின்றது? சுப்ரீம் கோர்ட்டார் ஏற்படுத்திய நீதிபதி வர்மா கமிஷன் 2012-இல் கொடுத்த அறிக்கை, நாட்டிலுள்ள உபாத்தியாயர் பயிற்சி நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை தனியார் கையில் இருப்பதை எடுத்துக்காட்டிற்று. அவற்றில் பெரும்பாலானவை சரியாகப் பயிற்சி கொடுக்க முயலக்கூட இல்லை, விலைக்குப் பட்டம் விற்கின்றன என்பதை மத்திய சர்க்காரின் 2020-ஆம் வருஷத்துக் கல்விக் கொள்கையே ஒப்புக்கொண்டிருக்கின்றது. விதிப்படி இரண்டு வருஷத்தில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் இருந்து பழக வேண்டும். ஆனால் பணத்தைக் கட்டிவிட்டு, பரீட்சையன்று மாத்திரம் முகத்தைக் காட்டுகிறவர்கள் இருப்பது ஊரறிந்த விஷயமாகும். நீந்தக் கற்றதற்குச் சான்றிதழ் உண்டு, தண்ணீரில் மாத்திரம் இறங்கியதில்லை என்றால் அதற்கு என்ன மதிப்பு?

சரி, பட்டம் நம்பத்தக்கதாயில்லை, அதனால்தான் பரீட்சை வைத்தோம் என்கிறார்கள். அந்தப் பரீட்சையையும் பார்ப்போம். 2009-இல் செய்யப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி இது ஏற்பட்டது. 150 கேள்விகள், 90 மார்க்கு வாங்கினால் தேர்வு. தமிழ்நாட்டில் முதன்முதலாக 2012 ஜூலையில் நடந்தபோது லட்சக்கணக்கானவர்கள் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. உடனே, "பார்த்தீர்களா, நம் உபாத்தியாயர்களின் லட்சணத்தை!" என்று பரிகாசம் செய்தவர்கள் பலர். ஆனால் கொடுத்த நேரம் எவ்வளவு? 150 கேள்விக்கு 90 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு 36 விநாடி! கூச்சல் எழுந்த பிறகு அதே வருஷம் அக்டோபரில், தவறியவர்களுக்கு மறுபரீட்சை வைத்து, மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். தேறியவர் தொகை பல மடங்காயிற்று. மூன்று மாதத்தில் இவர்களுக்கு அறிவு பல மடங்கு வளர்ந்துவிட்டதா என்று கேட்கின்றோம். பெரிதாக மாறியது கடிகாரந்தான். அப்படியானால் ஜூலையில் அளந்தது உபாத்தியாயரின் தகுதியையா, அல்லது அவருடைய வேகத்தையா? மந்தமான பிள்ளைக்காக நான்கு தரம் நிதானமாகச் சொல்ல வேண்டிய வேலைக்கு, 36 விநாடியில் பதில் குறிப்பதா பரீட்சை?

உயர்வகுப்புகளுக்கான இரண்டாம் தாளில் குழந்தை வளர்ச்சிக்கும் கற்பிக்கும் முறைக்கும் ஒதுக்கியது 30 கேள்விதான். அதுவும் நான்கில் ஒன்றைக் குறிப்பது. கரும்பலகை முன் நின்று ஒரு பாடம் நடத்திக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை.

2014-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்கு 90 என்பதை 82 ஆகக் குறைத்தபோது, தரம் கெட்டுவிட்டது என்று சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். சலுகை செல்லும் என்று 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. எட்டு மார்க்கில் தரம் போய்விட்டது என்று அழுதவர்கள், விலைக்குப் பட்டம் விற்கும் கல்லூரிகளைப் பற்றி ஏன் அவ்வளவு அழவில்லை? தகுதி என்னும் சொல் சிலர் உள்ளே வரும்போது மாத்திரம் ஞாபகத்துக்கு வருமானால், அந்த அக்கறை பிள்ளைகளின் படிப்பைப் பற்றியதல்ல என்பதுதான் நமது அபிப்பிராயம்.

இப்போது 2025 செப்டம்பர் 1-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிய தீர்ப்பில், ஏற்கெனவே வேலையிலிருப்பவர்களுள் ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு வருஷத்துக்குள் இந்தப் பரீட்சையில் தேற வேண்டும் என்று சொல்லப்பட்டது. பிள்ளைகளுக்கு நல்ல உபாத்தியாயர் வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. உபாத்தியாயர் நம் தோழர் என்பதற்காகப் பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்கவும் மாட்டோம். ஆனால் இருபது வருஷம் பாடம் நடத்திய ஒருவரின் யோக்கியதையை அறிய வேண்டுமானால், அவர் வகுப்புக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பதை விட்டு, கேள்வித்தாளைக் கையில் கொடுப்பது என்ன நியாயம்? வருஷத்துக்கு ஒரு தரமாவது பரீட்சை நடத்த வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் 2013-க்குப் பிறகு எல்லோருக்குமான பரீட்சை நடந்தது 2017-இல். உபாத்தியாயர் தவறினால் உத்தியோகம் போகும். சர்க்கார் தவறினால் என்ன போகும்?

நமக்குத் தெரிந்த ஒரு நெசவாளி வீட்டுப் பெண், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர். தறியை அடகு வைத்து பி.எட். படித்தார். தகுதித் தேர்விலும் தேறினார். இன்று ஒரு தனியார் பள்ளியில், தறியில் உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்கும் கூலியைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கின்றார். "எனக்குத் தகுதி இருக்கின்றது என்று காகிதம் சொல்லுகிறது, அண்ணா. வேலை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது" என்று அவர் சொன்னபோது நம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே நாம் சொல்லுவதாவது: பயிற்சிப் படிப்பைச் சர்க்காரே ஏற்று, ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் கொடுக்க வேண்டும். படித்து முடித்தவர்களை ஒரு வருஷம், சம்பளத்தோடு, அனுபவமுள்ள உபாத்தியாயரின் கீழ் வேலை பார்க்க விட வேண்டும். எழுத்துப் பரீட்சை இருக்கட்டும். அதோடு வகுப்பில் நேரில் பார்த்தும் உரிமம் கொடுக்க வேண்டும்.

இதற்கு ஓர் ஆட்சேபணை வரும். கேள்வித்தாளுக்கு ஜாதி தெரியாது, நேரில் பார்க்க வருகிறவருக்குத் தெரியுமே என்பார்கள். இது நியாயமான ஆட்சேபணைதான். நாமும் அதற்குப் பயப்படுகின்றோம். அதனாலேயே பார்ப்பவர் ஒருவராக இருக்கக் கூடாது. வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்த மூவர், வெவ்வேறு நாளில் பார்க்க வேண்டும். அவர்கள் எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்குக் காட்ட வேண்டும். ஒப்பாதவருக்கு அப்பீல் செய்யும் உரிமையும் வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் விளங்குகிறதா என்று பாருங்கள். விளங்கினால், அந்த உபாத்தியாயருக்குத் தகுதி இருக்கின்றது என்று அறிந்துகொள்ளுங்கள். விளங்காவிட்டால், அவர் சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் பிரயோஜனமில்லை என்பதே நமது முடிவு.