பிறர்க்குரைக்கும் புத்தி

அயலவர் வீட்டுச் சிக்கலுக்கு நாம் கூறும் புத்திமதி பெரும்பாலும் நன்றாகவே அமைகின்றது. நம் வீட்டுக் காரியமெனில் அந்த நிதானம் எங்கோ ஒளிந்துகொள்கின்றது.

ஊரார் வழக்கைத் தீர்த்த சாலமோன் அரசனே முதுமையில் மனைவியர் வசப்பட்டு நெறி தவறினான் என விவிலியம் கூறும். இம்முரணை அவன் பெயராலேயே அழைத்து 2014இல் ஆராய்ந்தனர் கிரொஸ்மன், குரொஸ் எனும் உளவியலறிஞர். வாழ்க்கைத் துணையின் துரோகம் நண்பருக்கு நேர்ந்ததாக எண்ணியோர், தமக்கே நேர்ந்ததாக எண்ணியோரினும் தெளிவாகச் சிந்தித்தனர்.

பிறரைக் கேட்டால் தீருமே எனலாம். ஆனால், 12 நாடுகளில் 3,500க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2025இல் வெளியான ஆய்வில், சுற்றத்தோடு ஒட்டி வாழும் சமூகத்தாரும் தாமே முடிவெடுப்பதையே பெரிதும் விரும்பினர்.

எனின் வழி யாது? தம்மையே வேறொருவராய் எட்டநின்று நோக்கியோரிடம் அம்முரண் மறைந்ததெனவும் முன்னைய ஆய்வு காட்டியது. பிள்ளை மருத்துவம் பயில்வதா, கலை பயில்வதா என்று வீடு இரண்டுபடும்போது, “அயல்வீட்டுப் பிள்ளையாயின் யாது சொல்வோம்?” என நம்மையே கேட்போம். முடிவு நம்முடையதே, அதனை ஆராயும் கண் மட்டும் அயலவருடையதாகட்டும்.