ஓடுறவன் எல்லாம் திருடனா?

(இரண்டாமாண்டு, இயந்திரவியல்)

மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் வந்தபோது, "லேத் மெஷினைப் பத்தி எழுதவா அண்ணே?" என்றேன். "அதைத்தான் தினமும் பார்க்கிறோமே, சினிமாவைப் பத்தி எழுதுப்பா" என்றார். எழுதுகிறேன். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிரத்னம் இயக்கி 1993 தீபாவளிக்கு வந்த படம் 'திருடா திருடா'. நாம் அப்போது பிறக்கவே இல்லை. டி.வி.யில்தான் பார்த்தேன். பிரசாந்தும் ஆனந்தும் சில்லறைத் திருடர்கள், கூடவே ஹீரா. ஆயிரம் கோடி ரூபாய் அடைத்த கன்டெய்னர் விவகாரத்தில் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு பக்கம் வில்லன் கூட்டம் துரத்துகிறது. இன்னொரு பக்கம் சி.பி.ஐ. அதிகாரியாக எஸ்.பி.பாலசுப்ரமணியம்! பி.சி.ஸ்ரீராமின் கேமரா, ரகுமானின் பாட்டு... ஓடுவது இவ்வளவு ஜாலியா என்று தோன்றிவிடும்.

கன்டெய்னர் என்றதும் எனக்குக் கை அரித்தது. எங்கப்பா டிரெய்லர் ஓட்டுபவர். எண்ணூர் விரைவுச்சாலையில் ஜீரோ கேட்டுக்கு வரிசையில் நின்றே பாதி வாழ்க்கை போனவர். கணக்குப் போட்டேன். எல்லாமே 500 ரூபாய் நோட்டு என்றால் 2 கோடி நோட்டு. ஒன்று சுமார் ஒரு கிராம் என்றால் 20 டன். வண்டி தாங்கும். 100 ரூபாய் நோட்டானால் 100 டன், ஆக்சில் முறிஞ்சிடும்! அப்பாவிடம் சொன்னேன். "இரும்பு 20 டன் ஏத்தினாலும் பணம் 20 டன் ஏத்தினாலும் எனக்கு அதே பேட்டாதான்டா" என்றார்.

சிரித்தாச்சு. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

படத்தில் திருடியவன் ஓடுகிறான். எங்க தெருவில் திருடாதவனும் ஓடுகிறான். போன வருஷம் பக்கத்தில் ஒரு பைக் காணாமல் போனது. "இந்தத் தெருப் பசங்களைக் கூப்பிடு" என்று போலீஸ் வந்ததும், என் சிநேகிதனும் இன்னும் இரண்டு பேரும் பின்பக்கமாகக் கிளம்பிவிட்டார்கள். காரும் இல்லை, பாட்டும் இல்லை. திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து, பொன்னேரியில் அத்தை வீட்டு மாட்டுக்கொட்டகையில் நாலு நாள். அவன் அம்மா தினமும் சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றார்கள். ஐந்தாம் நாள் பைக் வேறு யாரிடமோ கிடைத்தது. ஆனால் அதற்குள் இரண்டு பேப்பர் போய்விட்டது. "ஓடினான்ல, ஏதோ இருக்கு" என்ற பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை.

"ஏன்டா ஓடினே?" என்று நான்கூடத் திட்டினேன். பிறகு வெற்றிமாறனின் 'விசாரணை' (2015) பார்த்தேன். மு.சந்திரகுமார் தான் அனுபவித்ததை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அதற்கு அடிப்படை. குண்டூரில் பார்க்கில் படுத்துத் தூங்கும் நம்ம ஊர்க் கூலிப் பையன்கள் எங்கேயும் ஓடவில்லை. அவர்களையும் பிடித்துப்போய், செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். ஓடினால் திருடன், ஓடாவிட்டாலும் திருடன்! அதற்கப்புறம் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் ஒரு ஆதங்கம். கைது செய்தால் சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும், சொந்தக்காரருக்குத் தகவல் சொல்ல வேண்டும், வருகிற போலீஸார் பெயர் தெரிகிற பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும் என்று 1996-இல் டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. இது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எப்படி ஓடுவது என்று மட்டும் சினிமா பார்த்துத் தெரிந்து வைத்திருந்தோம்! யூனியன் இதைப் பெரிய எழுத்தில் எழுதி, எக்ஸாம் டைம்டேபிள் பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஒரு வக்கீல் போன் நம்பரும் சேர்த்து. சட்டம் தெரிந்தால் அடி விழாது என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்கு ஒரு வார்த்தையாவது வாயில் இருக்குமே.

'திருடா திருடா'வை நான் வெறுக்கவில்லை. போன மாதம்கூட நாலைந்து பேர் சேர்ந்து பார்த்தோம். துரத்தல் காட்சி வந்ததும் எல்லோரும் விசில் அடித்தோம். அவன் மட்டும் எழுந்து, தண்ணி குடிக்கப் போறேன்னு வெளியே போய்விட்டான்.